ஆக்டிவிஷனா, இமாஜிக்கா?

இரண்டுமே வீடியோ கேம் நிறுவனங்கள்; அதே துறையின் அட்டாரி நிறுவனத்தை விட்டு வெளியேறியவர்கள் தொடங்கியவை. இமாஜிக்கில் பொம்மை நிறுவனமான மேட்டலின் ஆட்களும் உண்டு. 1979-ல் வந்த ஆக்டிவிஷன் மூத்தது. ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரைப் பெட்டியிலேயே அச்சிட்டது. அட்டாரி தராத மரியாதை அது. அங்கே டேவிட் கிரேன் உருவாக்கிய பிட்ஃபால் ஆட்டம் (1982) அசகாய வேலை: 128 பைட் நினைவகமே உள்ள அட்டாரி விளையாட்டுக் கருவியில் 255 காட்சிகள்! ஒரே பைட்டின் பிட்டுகளை நகர்த்தியே அடுத்த காட்சியை வரவழைத்தார். காட்சி எதையும் தனியாகச் சேமித்து வைக்கவில்லை.

1981-ல் பிறந்த இமாஜிக்கின் டீமன் அட்டாக் ஆட்டம், என் கண்ணுக்கு இன்னும் பளபளப்பு. என்ன, ஃபீனிக்ஸ் என்ற ஆட்டத்தின் சாயல் அடிக்கிறது என்று அட்டாரி வழக்குப் போட்டது. பங்குச் சந்தைக்குப் போகும் இமாஜிக்கின் திட்டமும் 1982 இறுதியில் கைகூடவில்லை. ஆக்டிவிஷன் 1983-ல் பங்கு வெளியிட்டு, அந்த வருட வீடியோ கேம் சந்தைச் சரிவைத் தட்டுத் தடுமாறித் தாண்டியது. இமாஜிக் சில வருடங்களில் கடையைக் கட்டியது.