ஒரே மண்டபமா, தனித்தனித் திண்ணையா? தன்னார்வலர் பயிற்சி குறித்து ஓர் ஒப்பீடு

2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற தமிழக அரசின் மாலை வகுப்புத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலருக்கான தகுதி எளிமையாகத்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கப் பிளஸ் டூ, எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப் பட்டப்படிப்பு. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்பவரும் படிப்பை விட்டுப் பத்து ஆண்டுகளான இல்லத்தரசியும் இதனால் ஒரே பயிற்சி அறைக்குள் வந்தார்கள். இப்படிப்பட்ட மாலை வகுப்புகளுக்கு ஆள் தயார்செய்ய நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலாவது, எல்லோருக்கும் ஒரே பயிற்சி. மேலே ஒரு குழு கற்று மாவட்டத்துக்குச் சொல்லும். மாவட்டம் ஒன்றியத்துக்குச் சொல்லும். ஆயிரக்கணக்கானோரை ஒரே வாரத்தில் எட்ட வேறு வழி இல்லை. குழந்தைப் பாதுகாப்பு விதிகள், வருகைப் பதிவு போன்றவற்றை இப்படித்தான் சொல்லவேண்டும். அவற்றில் ஆளுக்கொரு விளக்கம் ஆபத்து. ஆனால் கற்பித்தல் இந்தப் படிகளில் இறங்கும்போது கரைந்துபோகிறது. மேலே பாட்டாகப் புறப்பட்டது, மூன்றாம் படியில் பாட்டின் பயன்களைப் பற்றிய சொற்பொழிவாக வந்து சேரும். மதிய உணவுக்குப் பிறகு அதைக் கேட்டவர்களுக்கு என் அனுதாபங்கள்.

இரண்டாவது, தேவையைக் கேட்டுக் குழு பிரிப்பது. காகிதத்தில் இதைவிடச் சிறந்த முறை கிடையாது. நானும் ஒருமுறை படிவம் கொடுத்து, “எதில் பயிற்சி வேண்டும்?” என்று கேட்டேன். பெரும்பாலோர் ‘ஆங்கிலம்’ என்று எழுதினார்கள். வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரே திண்ணையில் இரண்டாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். நடுவே தம்பியை இடுப்பில் சுமந்தபடி ஒரு சிறுமி. ஒரு கூட்டத்துக்கு வேலை கொடுத்தால் இன்னொரு கூட்டம் எழுந்து ஓடுகிறது. இதைப் படிவத்தில் ஒருவரும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது, அப்போது அவர்கள் வகுப்பே எடுத்திருக்கவில்லை.

புதுக்கோட்டையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அங்கே பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் இயக்கத்தின் வேலையாகவே ஆனது. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது, நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். மாலையில் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டிய தொண்டருக்கு அரிச்சுவடியைவிட அதுதான் முதல் தேவை. எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் ‘சைக்கிள்’ என்று இருந்திருக்கும்?

மூன்றாவது, அனுபவசாலியின் பக்கத்தில் சில நாள் உட்காரவைப்பது. தச்சுப்பட்டறையில் தொழில் பழகுவதுபோல. ஆறு வயதுக் குழந்தையை அரைமணி நேரம் உட்காரவைக்கும் வித்தையை இப்படி மட்டுமே கற்க முடியும். குறை, குருவின் கெட்ட பழக்கமும் சேர்ந்தே வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பழகிய இளைஞர் மூன்றாம் நாளே கையில் குச்சியோடு நின்றார்.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தம். ஆனால் அதன் வரிசையை மாற்றவேண்டும். அரைநாள் பொதுப்பயிற்சி போதும். பிறகு இரண்டு வாரம் வகுப்பு நடக்கட்டும். பயிற்சியாளர் ஒவ்வொரு திண்ணைக்கும் ஒருமுறை போய் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். அதற்கப்புறம் குழு பிரிக்கலாம். ‘இவருக்கு என்ன வராது’ என்பதோடு ‘இவருக்கு என்ன நன்றாக வரும்’ என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். கதை சொல்வதில் கெட்டிக்காரரான ஓர் இல்லத்தரசிக்குச் செயலியில் வருகை பதியக் கை நடுங்கியது. கணிதப் பட்டதாரி ஒருவருக்குச் செயலி விளையாட்டு, குழந்தைகள்தான் கலக்கம். இருவரையும் ஒரே குழுவில் போட்டோம். அந்தக் குழுவுக்குப் பயிற்சியாளரே தேவைப்படவில்லை.

ஒன்றியம் முழுவதற்கும் ஒரே பயிற்சியாளர் என்றால் இது நடக்காது. அப்போது முதல் வழியையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்தில் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, “நேற்று எந்த இடத்தில் வகுப்பு கைவிட்டுப் போயிற்று?” என்று மட்டும் கேளுங்கள்.