உப்புக்காற்று ஊரில் கார் சர்வீஸ்: கம்பெனியா, பட்டறையா?

காரை கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் விடலாமா, ஊர்ப் பட்டறையில் விடலாமா என்று கேட்டால் பேச்சு பில் தொகையில்தான் தொடங்கும். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் அதற்கு முன் காரின் அடியில் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். சைலன்சர் ஜாயின்ட், பின் ஆக்சில், பிரேக் பைப் நட்டு, லோயர் ஆர்ம் போல்ட் எல்லாம் துரு சீக்கிரம் ஏறும் இடங்கள். கம்பெனி அட்டவணை கிலோமீட்டரையும் மாதத்தையும் வைத்து எழுதியது. பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். தங்கச்சிமடத்தில் வாசலில் நிற்கும் கார் வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். உப்புக்காற்றோ 365 நாளும் அதன் மேல் வீசியிருக்கும். அதனால் இங்கே ஒப்பிட வேண்டியது உப்பு தொட்ட இடத்தை யார் கழற்றிப் பார்க்கிறார்கள் என்பதை.

முதலில் வாட்டர் வாஷ். கம்பெனியில் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பிரஷரில் அடிப்பார்கள். ஊர்ப் பட்டறையில் சாய்தளமோ குழியோ இருக்கும், அல்லது பக்கத்து வாஷ் கடைக்கு அனுப்புவார்கள். வசதியில் கம்பெனி மேல். ஆனால் இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தண்ணி எது? ராமநாதபுரம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர். அதை வைத்துக் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகத்தான் ஆகும். கழுவிய கண்ணாடியைத் துடைக்காமல் வெயிலில் காயவிடுங்கள். வெள்ளைப் புள்ளி திட்டுத்திட்டாக நின்றால் அந்த இடத்தில் அடிப்பக்கம் கழுவ வேண்டாம். நல்ல தண்ணி லாரியில் வாங்கி ஊற்றும் கடை கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். கதவின் கீழ் விளிம்பில் உள்ள சிறு வடிகால் ஓட்டைகளில் மணல் அடைத்திருக்கும். அதைக் குத்திவிடச் சொல்லுங்கள். இதை எந்த செக் லிஸ்டிலும் எதிர்பார்க்க முடியாது. கதவு உள்ளிருந்து உளுத்துப்போவது இந்த அடைப்பால்தான்.

அடுத்தது பிரேக். எங்கள் கணக்கில் பட்டறை ஜெயிக்கும் இடம் இது. முன் சக்கரக் காலிப்பரில் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பகுதி) இரண்டு ஸ்லைடு பின்கள் ரப்பர் உறைக்குள் நிற்கும். உறை கீறினால் உப்பு ஈரம் உள்ளே போய் பின் இறுகும். பிறகு காலிப்பர் நகராது. உள்பக்க பேட் இரும்பு வரை தேய்ந்திருக்கும்போது வெளிப்பக்க பேடில் பாதி மிச்சம் இருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிறவருக்கு அந்த வெளி பேட்தான் தெரியும், ‘பேட் நல்லாருக்கு’ என்று எழுதிவிடுவார். இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தாலோ, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ இந்தப் பின்னைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வேலை கடினமில்லை. பின்களை உருவி, பழைய கிரீஸை பிரேக் கிளீனரால் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவி, கிழிந்த உறையை மாற்ற வேண்டும். சாதா பேரிங் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி, பின் மறுபடி இறுகும். பட்டறையில் பலர் செய்யும் தவறு இதுதான், அதனால் சிலிகான் டியூபை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பக்கத்துக்கு அரை மணி நேரம் போதும். கம்பெனியில் ‘பிரேக் கிளீனிங்’ என்று பில்லில் ஒரு வரி இருக்கும், பின்னை உருவினார்களா என்பது அந்த வரியில் தெரியாது. பட்டறையில் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள். பல நாள் வண்டியை எடுக்காமல் இருந்தால், சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. பின் சக்கர லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்வது இந்தக் கரையில் அடிக்கடி நடக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதும் மாற்ற வேண்டும். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்ற விடாதீர்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற ஸ்கேனர் தேவைப்படும் வண்டிகள் உண்டு. அப்போது கம்பெனிக்குப் போவதே சரி.

ஆயில் சர்வீஸில் இருவரும் சமம், பட்டறைக்காரர் மூன்று விஷயத்தில் கவனமாக இருந்தால். சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு ஃபில்டரோடு 3 முதல் 3.5 லிட்டர் பிடிக்கும். ‘நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும்’ என்று 20டபிள்யூ-40 ஊற்றுவது இன்னும் நடக்கிறது. மேனுவலில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதேதான் ஊற்ற வேண்டும். இன்றைய இன்ஜின்களின் குறுகலான ஆயில் வழிகளில் கெட்டி ஆயில் காலை ஸ்டார்ட்டில் நேரத்துக்கு ஏறாது. அடுத்து, ஆயிலை வடிக்கும் சம்ப் போல்ட். வாஷரைப் புதிதாகப் போட்டு, மேனுவல் சொல்லும் அளவுக்கே முறுக்க வேண்டும். நீளக் குழாய் மாட்டி இழுத்தால் அலுமினிய சம்ப்பின் மரை கழன்று, லேத்துக்கு அலைய வேண்டிவரும். மூன்றாவது ஃபில்டர். பழைய ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, புது வளையத்தில் ஆயில் தொட்டு, வளையம் இன்ஜினைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று. இரண்டு வளையம் சேர்ந்தால் ஓடும்போது ஆயில் பீய்ச்சும். ஆயிலைச் சீல் பிரிக்காத டின்னாக வாங்கி, ஊற்றியதும் காலி டின்னைக் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள்.

கம்பெனிப் பக்கம் வேறு தொல்லை. இன்ஜின் ஃபிளஷ், ஏசி கிருமிநீக்கம், பாலிஷ் என்று எஸ்டிமேட்டில் வந்து உட்காரும். அட்டவணையில் இல்லாததை அடித்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் சொல்ல வேண்டும்.

கூலன்ட்டில் பட்டறையை நம்பி விட்டுவிடக் கூடாது. குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கம் அம்பாசடர் காலத்தில் பெரிய கேடு செய்யவில்லை. இன்றைய அலுமினிய ரேடியேட்டரை உவர்நீர் அரித்து ஊசித் துளை போட்டுவிடும். ஹோஸ் முனையில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் யாரோ ஊற்றியிருக்கிறார்கள். கலந்தே வரும் கூலன்ட் வாங்குங்கள், அல்லது அடர்த்தியானதை டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி.

ஏசியில் கம்பெனிக்கோ, மெஷின் வைத்திருக்கும் கடைக்கோ போகலாம். கேஸ் எத்தனை கிராம் என்று பானட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். எடை போட்டு ஏற்றுவதும், ஏற்றும் முன் அரை மணி நேரம் வேக்கும் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பதும் முக்கியம். கேஜ் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றினால் கூடுதலாகவோ குறைவாகவோ போகும். இங்கே கேஸ் அடிக்கடி குறைந்தால் பெரும்பாலும் உப்பில் பொடிந்த கண்டென்சரில்தான் கசிவு. சாவி கோடிங், ஏர்பேக் விளக்கு, பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் தகராறு இவற்றுக்கும் யோசிக்காமல் கம்பெனிதான். ஆனால் மற்ற எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சென்சாரை மாற்றுவதற்கு முன் ஊர் எலக்ட்ரீஷியனிடம் எர்த் வயரைக் கழற்றி சாண்ட்பேப்பர் தேய்த்து மாட்டச் சொல்லிப் பாருங்கள். துருப்பிடித்த எர்த் பல பொய்க் கோளாறுகளைக் காட்டும்.

வாரண்டி இருக்கும் வரை கம்பெனியை விடாதீர்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகம் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும், வெளிப் பட்டறையில் காட்டியதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவைக் காட்டி ஒரு கியர்பாக்ஸ் கிளெய்முக்காக வாதாடுவதைவிட சர்வீஸ் பதிவைச் சுத்தமாக வைத்திருப்பது எளிது. பட்டறைக்கு மாறியபின் பாகங்களை நீங்களே கடையில் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாத பாகத்துக்கு மாற்றும் இல்லை, கேள்வியும் இல்லை.

கடைசியாக அடிப்பக்கக் கோட்டிங். புது வண்டிக்கு கம்பெனியில் அடிப்பது நல்லது. நான்கைந்து வருடம் ஓடிய வண்டிக்கு அப்படியே மேலே ரப்பர் கோட்டிங் அடித்தால் உப்பும் ஈரமும் உள்ளே மாட்டி, தோல் போல உரியும் வரை அடியில் தின்றுகொண்டே இருக்கும். அதற்கு நிதானமாக வேலை செய்யும் ஊர் டிங்கர்தான் ஏற்றவர். நல்ல தண்ணியில் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, கம்பி பிரஷ் போட்டு, ரஸ்ட் கன்வெர்ட்டர், ஜிங்க் பிரைமர், அதன்மேல் கோட்டிங். கழிவு ஆயிலை அடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை காயாது. தை பிறந்து காற்றில் ஈரம் குறைந்ததும் டிங்கரிடம் மூன்று நாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.