2009 ஆல்ட்டோவின் மைலேஜ்: 13-லிருந்து 17-க்கு

என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஆல்ட்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். வாங்கிய நாளிலிருந்து நான்தான் ஓட்டுகிறேன். பாளையங்கோட்டையில் வீடு, மாதம் இரண்டு முறை மதுரை போய்வருவேன். ஒரு காலத்தில் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 தந்த வண்டி, 2021 வாக்கில் 13-க்கு இறங்கிவிட்டது. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

முதலில் கணக்கைச் சரிசெய்தேன். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தால் உண்மையான மைலேஜ் தெரியவே தெரியாது. ஒரே பங்கில், கன் தானாக நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க வேண்டும். 300 கிலோமீட்டராவது ஓடியபின் அதேபோல நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுக்க வேண்டும். மூன்று தடவை சராசரி எடுத்தேன்: 13.2.

கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி, டயர் சூடாகும் முன் காலையிலேயே காற்று பிடிப்பதை வழக்கமாக்கினேன். ஒருநாள் ஓட்டி நிறுத்தியதும் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோனேன். முன் இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் கால் சுற்றுகூடப் போகவில்லை. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் கிரீஸ் காய்ந்து, பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்தபின் 14.6.

பெரிய வித்தியாசம் தந்தது நான் எதிர்பார்க்காத இடம். ஊருக்குள் நெரிசலில் டெம்பரேச்சர் முள் நடுவே நிற்கும். கயத்தாறு தாண்டி வேகமெடுத்தால் மெல்ல இறங்கி அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். இன்ஜின் சூடாகவில்லை, நல்லதுதானே என்று நினைத்திருந்தேன். புதிதாகப் போன மெக்கானிக் அந்த முள்ளைப் பற்றித்தான் முதலில் கேட்டார். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் மூடியைக் கழற்றியதும் செம்மண் நிறத்தில் துருத்தண்ணீர் வந்தது. "அண்ணாச்சி, உள்ள வால்வே இல்லையே, பாத்தீயளா?" என்றார்.

சில வருஷம் முன்பு வேறொரு இடத்தில் ரேடியேட்டர் வேலை பார்த்தபோது, நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று எடுத்திருக்கிறார்கள். வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் எண்ணி, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குத் தருவதுபோல் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஹைவேயில்கூட மைலேஜ் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

புது வால்வைப் போடும் முன், பக்கத்து டீக்கடையில் கொதிநீர் வாங்கிவந்து அதில் போட்டுக் காட்டினார். ஸ்பிரிங் மெல்ல அமுங்கி நடுத்தட்டு திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் மூடிக்கொண்டது. குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டு கூலன்ட் நிரப்பினோம். இப்போது மதுரை வரை முள் நடுவிலேயே நிற்கிறது. அடுத்த மூன்று டேங்க் சராசரி 17.1.

பிளக் மூன்றையும் மாற்றியதில் ஸ்டார்ட்டிங் சுகமானது, மைலேஜில் பெரிய மாற்றமில்லை. ஏர் ஃபில்டர் அடைத்தால் பிக்கப்தான் குறையும்; உள்ளே வரும் காற்றுக்கேற்ப கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுவதால் மைலேஜ் அவ்வளவாக அடிபடாது. கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது வேறு கதை. மைலேஜ் கூடும் என்று சொல்லி பெட்ரோல் பைப்பில் மாட்டும் காந்தத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

ஓட்டும் முறையில் இரண்டு விஷயம். 95-ல் போனதை 70-க்குக் குறைத்தேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவது சின்ன இன்ஜினுக்குப் பெரிய பாரம். இரண்டாவது, கொல்லத்திலிருந்து திரும்பும்போது புளியரை இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதை நிறுத்தினேன். கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்கும் சூடேறாது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் 16.4 கிடைக்கிறது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் இந்த இறக்கத்தை வண்டிமீது போட மாட்டேன். இந்தக் கலவையை மனதில் வைத்துச் செய்த வண்டி இல்லை என்பதால், பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை அடுத்த சர்வீஸில் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.