11 அணிகள், 2 ஆடுகளங்கள்: இணைய அட்டவணைச் சேவை ஒன்றை ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தபின்

ஒரே நாளில், இரண்டு ஆடுகளங்களில், 11 வாலிபால் அணிகளை வைத்து ஒரு போட்டியை நடத்தி முடிக்கும் பொறுப்பு அண்மையில் என்மீது விழுந்தது. தாளும் அடிக்கோலும் வைத்து அட்டவணை போட்டே பழகிய நான், இம்முறை இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ஒரு சேவையை நம்பி இறங்கினேன். அதன் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சந்தித்த சிக்கல்கள், இவ்வகைச் சேவை எதை எடுத்தாலும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டியவை என்பதால் பெயரால் பெரிய பயனும் இல்லை.

முதலில் அது நன்றாகச் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். தோற்ற அணி உடனே வெளியேறும் நாக்-அவுட் முறையில் அட்டவணை போடுவதில் அதைக் குறை சொல்ல இடமே இல்லை. அணிகளின் பெயர்களைத் தரவரிசைப்படி உள்ளிட்டதும், 11க்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கான 16 இடங்கள் கொண்ட அட்டவணையை விரித்து, எஞ்சும் ஐந்து இடங்களை முதல் ஐந்து அணிகளுக்கு ‘பை’ (முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் சலுகை) ஆக்கி, முதல் சுற்றில் 6-11, 7-10, 8-9 என மூன்று ஆட்டங்களை மட்டும் வைத்தது. முதல் இரண்டு அணிகளும் இறுதி ஆட்டத்துக்கு முன் மோதாதபடி எதிரெதிர்ப் பாதிகளில் அமர்ந்தன. கையால் போடும்போது பலரும் வழுக்குவது இந்த இடத்தில்தான். ‘பை’களை முதல் சுற்றோடு தீர்த்துவிடாமல் போனால், இரண்டாம் சுற்றில் ஓர் அணி எதிராளி இன்றி நிற்கும் அவலம் நேரும். இந்தச் சேவையில் அந்தக் கவலை இல்லை.

ஆனால் எனக்கு நாக்-அவுட் போதவில்லை. 11 அணிகளுக்கு மொத்தம் பத்தே ஆட்டங்கள். முதல் சுற்றில் தோற்கும் மூன்று அணிகள் ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடும். ‘பை’ பெற்று வந்து காலிறுதியில் தோற்கும் அணிக்கும் அதே கதிதான். எல்லோரும் எல்லோருடனும் மோதும் முழு லீக் என்றால் 55 ஆட்டங்கள் ஆகும். ஆட்டத்துக்கு 45 நிமிடம் வைத்தாலும் இரண்டு ஆடுகளங்களில் 21 மணி நேரம் பிடிக்கும். இருமுறை தோற்றால்தான் வெளியேற்றம் என்னும் முறையில் 20 ஆட்டங்கள் வரும். அதுவரை தோல்வியே காணாத அணி இறுதியில் முதல் முறையாகத் தோற்றுவிட்டால் மீண்டும் ஒரு முறை மோத வேண்டியிருப்பதால் 21 ஆகலாம். எண்ணிக்கை கட்டுப்படியானாலும், ஓர் ஆட்டம் முடியாமல் அடுத்தது தொடங்க முடியாத சங்கிலி அதில் நீளமானது. யாரும் வெளியேறாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு வெற்றி பெற்றவர்கள் மோதும் சுவிஸ் முறையையும் இந்தச் சேவை தருகிறது. 1895இல் சூரிக் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியில் தொடங்கிய அம்முறை அரங்கில் அமர்ந்து ஆடுவோருக்குப் பொருந்தும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி ஆட்டம் முடியும்வரை அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும் என்பதால் இரண்டே ஆடுகளங்களை வைத்திருக்கும் எனக்கு அது உதவாது.

எனவே மூன்று பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலும் லீக், அதன்பின் மூன்று பிரிவு வெற்றியாளர்களும் இரண்டாம் இடம் பெற்றவர்களில் சிறந்த ஓர் அணியும் அரையிறுதியில் என்று முடிவு செய்தேன். தரவரிசைப்படி பிரிவுகளில் முன்னும் பின்னுமாக வளைந்து செல்லும் பாம்பு வளைவாக அணிகளைப் பிரிக்கும் வசதி சேவையில் இருந்தது: 1, 6, 7 முதல் பிரிவில், 2, 5, 8, 11 இரண்டாம் பிரிவில், 3, 4, 9, 10 மூன்றாம் பிரிவில். பிரிவு ஆட்டங்கள் 15, மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தையும் சேர்த்து மொத்தம் 19. இதுவரை எல்லாம் சரியாகவே போயிற்று.

நேர அட்டவணையில்தான் முதல் அடி. ஆட்டங்களை நேரத்துக்கும் ஆடுகளத்துக்கும் ஒதுக்கும் பொத்தானை அழுத்தினேன். அது பட்டியலின் வரிசைப்படி இரண்டிரண்டாக நிரப்பிக்கொண்டே போனதில், முதல் பிரிவின் முதல் இரண்டு ஆட்டங்கள் காலை 8 மணிக்கே இரண்டு ஆடுகளங்களிலும் வந்து நின்றன. மூன்று அணிகள் மட்டுமே உள்ள பிரிவில் எந்த இரண்டு ஆட்டங்களை எடுத்தாலும் ஓர் அணி இரண்டிலும் இருக்கும். ஆகவே அங்கு ஒரே அணி ஒரே நேரத்தில் இரண்டு ஆடுகளங்களிலும் ஆட வேண்டியதாயிற்று. அட்டவணை எச்சரிக்கவும் இல்லை, சிவப்பாகவும் மாறவில்லை. முதல் பிரிவின் ஒவ்வோர் ஆட்டத்தையும் மற்றொரு பிரிவின் ஆட்டத்தோடு இணைத்து, எந்த அணியும் ஓய்வின்றி அடுத்தடுத்து ஆடாதவாறு எட்டு நேரக் கட்டங்களைக் கையால் நிரப்ப எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. தாளில் போட்டிருந்தாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

அடுத்தது இதைவிடப் பெரிய குறை, அதோடு எளிதில் கண்ணில் படாதது. முந்தின நாள் இரவு கற்பனை முடிவுகளை உள்ளிட்டு ஒத்திகை பார்த்திராவிட்டால் நானும் கவனித்திருக்க மாட்டேன். இரண்டாம் இடத்தவர்களில் சிறந்த அணியைச் சேவை மொத்த வெற்றிகளைக் கூட்டியே தேர்ந்தெடுக்கிறது. நான்கு அணிகள் உள்ள பிரிவில் இரண்டாம் இடம் பெறும் அணி பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஆட்டங்களை வென்றிருக்கும். மூன்று அணிகள் உள்ள பிரிவில் இரண்டாம் இடம் பெறும் அணிக்கு ஒரு வெற்றிக்குமேல் கிடைக்க வழியே இல்லை. அதாவது எனது முதல் பிரிவின் இரண்டாம் அணி, எவ்வளவு நன்றாக ஆடினாலும், போட்டி தொடங்கும் முன்பே ஏறத்தாழ வெளியேறிவிட்டது. பெரிய பிரிவில் கடைசி இடம் பெற்ற அணிக்கு எதிரான முடிவை நீக்கிவிட்டு ஒப்பிடுவதுதான் இதற்கு வழக்கமான தீர்வு. யூரோ 2016 கால்பந்துத் தகுதிச் சுற்றில், மூன்றாம் இடம் பெற்ற அணிகளை ஒப்பிடுகையில் ஆறாம் இடத்து அணிக்கு எதிரான முடிவுகளை இப்படித்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். இந்தச் சேவையின் அமைப்புகளில் அதற்கு இடமில்லை. ஒப்பீட்டை நான் ஒரு விரிதாளில் தனியாகச் செய்து, வெற்றி, செட் விகிதம் (வென்ற செட்களுக்கும் இழந்த செட்களுக்கும் உள்ள விகிதம்), அதேபோல் புள்ளி விகிதம் என்ற வரிசையை அணித் தலைவர்களிடம் காலையிலேயே எழுத்தில் கொடுத்துவிட்டேன். கொடுத்தது நல்லதாயிற்று, அன்று மாலை அந்த நான்காம் இடம் புள்ளி விகிதத்தில்தான் முடிவானது, ஒருவரும் வாக்குவாதத்துக்கு வரவில்லை.

எந்தப் பிரிவின் எந்த இடத்து அணி அரையிறுதியில் யாரைச் சந்திக்கும் என்பதையும் சேவை தொடக்கத்திலிருந்தே எல்லோருக்கும் காட்டுகிறது, மறைத்துவைக்க வழியில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் பாட்மிண்டனில், பெண்கள் இரட்டையர் பிரிவின் நான்கு இணைகள் அடுத்த சுற்றில் சாதகமான எதிராளியைப் பெறுவதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்றதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டது நினைவிருக்கலாம். என் போட்டியில் அப்படி யாரும் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருந்தும் ஒரே பிரிவின் முதல், இரண்டாம் அணிகள் அரையிறுதியில் மோதக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, குலுக்கலைப் பிரிவு ஆட்டங்கள் முடிந்தபின் அணித் தலைவர்கள் முன்னிலையில் நடத்தினேன். அதன்பிறகே நாக்-அவுட் அட்டவணையைப் புதிதாக உருவாக்கிப் பெயர்களை ஏற்றினேன்.

அன்றைய நாளில் உண்மையாக உழைத்தது நேரடி முடிவுப் பக்கம். ஒரே இணைப்பை அனுப்பிவைத்தேன். அணிகள் கைப்பேசியிலேயே அட்டவணையைப் பார்த்துக்கொண்டதால், ‘எங்க மேட்ச் எத்தனை மணிக்கு சார்?’ என்று மேசைக்கு வந்து கேட்பவர் கூட்டம் முக்கால்வாசி குறைந்தது. அதிலும் ஒரு சறுக்கல் இருந்தது. அரையிறுதியில் 25-23 என்ற ஒரு செட்டை உதவியாளர் 25-13 என்று பதிந்துவிட்டார். வென்ற அணி மாறவே இல்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தைத் திருத்துவதற்காகத் திறந்ததும், அதற்குள் பதிந்திருந்த மூன்றாம் இட ஆட்டத்தின் முடிவு அழிந்துபோனது. பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்த வீரர் ஒருவர் பதறிப்போய் ஓடி வந்தார். மேசையில் ஸ்கோர் தாள்கள் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் மீண்டும் பதிந்தோம்.

எட்டோ பதினாறோ அணிகளை வைத்து நாக்-அவுட் மட்டும் நடத்துவோர் இந்தச் சேவையைத் தயங்காமல் எடுக்கலாம். சமமற்ற பிரிவுகளோடு லீக் நடத்துவோர் முதல் நாள் இரவு ஒரு முழு ஒத்திகையைக் கற்பனை முடிவுகளால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த முறை நான் பிரிவு ஆட்டங்களை விரிதாளில் வைத்துக்கொண்டு, அரையிறுதி தொடங்கியபின் மட்டும் இதைத் திறப்பேன். சுவரில் ஒட்டும் பெரிய தாள் எப்படியும் இருக்கும்.