செவ்வாய்ப்பேட்டைப் பழைய புத்தகக் கடையில் ஒரு மருத்துவ அமைச்சர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும் பழைய புத்தகக் கடையொன்றில், மருத்துவராயிருந்து அமைச்சரான டி. எஸ். எஸ். ராஜனைப் பற்றிய நூலொன்றை 150 ரூபாய்க்கு வாங்கினேன். பெயரைச் சொன்னதுமே கடைக்காரர் ஏணியில் ஏறி, சணல் கயிற்றுக் கட்டை அவிழ்த்து, அட்டையை வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார்.

1880இல் பிறந்து, லண்டனில் மருத்துவம் பயின்று, திருச்சிப் பகுதியில் தொழில் நடத்திய ராஜன், 1930இல் வேதாரண்யம் உப்பு யாத்திரை தம் வீட்டிலிருந்தே புறப்படும் அளவுக்கு அரசியலில் ஆழ்ந்து, 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத் துறையை ஏற்றார். அவ்வமைச்சரவைதான் அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் நம் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது என்பதால், இந்நூல் இங்கே அகப்பட்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வீட்டில் பிரித்தபோதுதான், நான் ஆவலோடு தேடிய அமைச்சர் பதவிக் காலத்துப் பகுதியில் எட்டுப் பக்கங்கள் இல்லாதது தெரிந்தது. விற்குமுன் புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? மறுநாள் காட்டியதும், வாதாடாமல் 75 ரூபாயைத் திருப்பித் தந்தார். அக்கடையில் மாலையில் வெளிச்சம் போதாது. காலையில் செல்வதே நல்லது.