டிராலி, தண்டவாளம், கப்பி: நியூட்டனின் இரண்டாம் விதிக்கு எங்கள் பள்ளி வாங்கிய செட்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே இயக்க விதிகள். விசை = நிறை × முடுக்கம் என்று போர்டில் எழுதினால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். 5 கிலோ நிறை, 20 நியூட்டன் விசை, முடுக்கம் என்ன என்று கேட்டால் 4 என்று பதில் உடனே வரும். அந்த 4 எப்படி இருக்கும் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு பொருள் நொடிக்கு நொடி வேகம் கூடிக்கொண்டே போவதை அவர்கள் அளந்து பார்த்ததே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அறிவியல் கருவிகள் விற்கும் கடையில் இந்த டிராலி செட்டை வாங்கினோம். விலை நாலாயிரத்துச் சொச்சம். வாங்கலாமா என்று மற்ற ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டிக்குள் 1.2 மீட்டர் நீள அலுமினியத் தண்டவாளம், பால் பேரிங் சக்கரங்கள் வைத்த டிராலி, தண்டவாள முனையில் திருகி மாட்டும் கப்பி, 50 கிராம் கொக்கி, அதில் செருகும் 50 கிராம் தட்டுகள் ஐந்து, ஒரு நூல்கண்டு, நான்கு பக்கக் கையேடு எல்லாம் இருந்தன. நேரம் அளக்க எதுவும் இல்லை.

முதலில் டிராலியைச் சொல்ல வேண்டும், செட்டின் உயிரே அதுதான். தண்டவாளத்தை மட்டமாக வைத்து, விரலால் லேசாகச் சுண்டினால் அடுத்த முனை வரை சத்தமில்லாமல் ஓடுகிறது. மரச்சக்கரம் வைத்த பழைய வண்டிகளில் உராய்வே பாதி விசையைத் தின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு ‘விசையை நிறுத்தினால் வண்டி நிற்கிறதே மிஸ்’ என்று கேட்கும் பிள்ளையிடம் முதல் விதியைச் சொல்லி நம்பவைக்க முடியாது. இந்த டிராலியில் அந்தச் சிக்கல் இல்லை. கப்பியும் அப்படியே. நன்றாகச் சுழல்கிறது, எடை குறைவு, அதனால் அதைச் சுழற்றவே விசை வீணாவதில்லை.

எடைத் தட்டுகளில் கவனம் வேண்டும். 50 என்று பொறித்திருந்தாலும் டிஜிட்டல் தராசில் வைத்தபோது ஒன்று 47 காட்டியது, இன்னொன்று 48. ஐம்பதில் மூன்று குறைந்தால் விசையில் 6 சதவீதம் போய்விடுகிறது. குறைந்த தட்டுகளின் அடியில் எம்-சீல் ஒட்டி எல்லாவற்றையும் 50 ஆக்கிவிட்டோம். கூடவே வந்த நைலான் நூல் இழுத்தால் நீளுகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, தைக்கிற கனமான பருத்தி நூலைக் கட்டுங்கள்.

செட்டின் பெரிய குறை அந்தக் கையேடு. ‘ஒவ்வொரு முறையும் 50 கிராம் கூடுதலாகத் தொங்கவிட்டு, விசைக்கும் முடுக்கத்துக்கும் வரைபடம் வரைக’ என்று போட்டிருக்கிறது. அப்படிச் செய்தால் விதி பொய்யாகிவிட்டதுபோல் தெரியும். தொங்கும் எடை டிராலியை மட்டும் இழுப்பதில்லை, தானும் சேர்ந்து முடுக்கமடைகிறது. நகரும் நிறை என்பது டிராலி, அதன் மேல் இருப்பவை, தொங்குபவை எல்லாம் சேர்ந்தது. எங்கள் டிராலியும் அதில் வைக்கும் போனும் சேர்ந்து ஏறக்குறைய 700 கிராம். 50 கிராம் தொங்கினால் நகரும் நிறை 750, 300 கிராம் தொங்கினால் 1000. கணக்கிட்டுப் பாருங்கள், விசை ஆறு மடங்காகியும் முடுக்கம் நாலரை மடங்குதான் கூடும். பிள்ளைகள் கையேட்டை நம்புவார்களா, பாடத்தை நம்புவார்களா? இந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு அச்சிட்டால் கம்பெனிக்குப் புண்ணியம்.

சரியான வழி எளிது. ஐந்து தட்டுகளையும் முதலில் டிராலியின் மேலேயே ஏற்றிவிட வேண்டும். கொக்கி மட்டும் தொங்கட்டும். அடுத்த முறை டிராலியிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கொக்கியில் செருக வேண்டும். மொத்த நிறை மாறாது, விசை மட்டும் கூடும். சின்ன வாஷர்கள் போட்டு மொத்தத்தைச் சரியாக ஒரு கிலோவாக்கிக்கொண்டேன். ஒரு கிலோ என்றால் நியூட்டனில் வரும் எண்ணும் மீ/வி²-இல் வரும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும், பிள்ளைகளுக்கு ஒப்பிடச் சுலபம். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, “தட்டு மேல இருந்தாலும் தொங்கினாலும் கூடத்தானே மிஸ் ஓடுது?” என்றாள். இரண்டாம் விதியில் நிறை என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

அளப்பதற்குச் செல்போன் போதும். ஜெர்மனியின் ஆகென் நகரில் உள்ள பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொண்டோம். போனை ரப்பர் பேண்டால் டிராலியில் கட்டி, அதன் நீளவாக்குத் தண்டவாளத்தோடு ஒத்துப்போகும்படி வைத்தால் முடுக்கம் வரைபடமாகவே வந்துவிடுகிறது. இன்னொரு போனிலோ கணினியிலோ அதே வைஃபையில் உலாவியைத் திறந்தால் வகுப்பே பார்க்கலாம். ஸ்டாப்வாட்ச் வைத்தும் செய்யலாம்தான். ஆனால் 100 கிராம் தொங்கினாலே 90 செ.மீ. ஓட்டம் ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடுகிறது. அதில் விரல் 0.2 நொடி பிசகினால் முடுக்கத்தில் கால்வாசியே தப்பாகிவிடும், நேரம் வர்க்கமாக வருவதால்.

போன் எப்படி இதை அளக்கிறது என்று கட்டாயம் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் சில்லில் (சிப்) கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று, மெல்லிய சிலிக்கான் வில்களில் (ஸ்பிரிங்) தொங்குகிறது. போன் முடுக்கமடையும்போது அந்தத் துண்டையும் முடுக்கமடையச் செய்ய வில் வளைய வேண்டியிருக்கிறது. எவ்வளவு வளைந்தது என்பதை மின்தேக்குத் திறனின் (மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) மாற்றமாக அளந்து எண்ணாக மாற்றுகிறார்கள். துண்டின் நிறை தெரியும், வில்லின் விசை தெரியும், முடுக்கம் கிடைத்துவிடுகிறது. நாம் சோதிக்கிற விதியே அளக்கிற கருவிக்குள்ளும் வேலை செய்கிறது. மேசையில் சும்மா கிடக்கும் போன் 9.8 காட்டுவதும் இதனால்தான். மேசை தாங்கும் விசை அந்த வில்லை வளைத்தே வைத்திருக்கிறது. தலையணை மேல் போனைப் போட்டுப் பார்த்தால், விழும் அந்த நொடியில் பூஜ்யத்தை ஒட்டி இறங்குவதைப் பார்க்கலாம்.

செயலியில் ‘புவியீர்ப்பு நீங்கலாக’ என்ற அளவை விட, புவியீர்ப்போடு சேர்ந்த அளவையே எடுத்து, டிராலி நிற்கும்போது காட்டும் எண்ணைக் கழிப்பது எங்களுக்கு நன்றாக வந்தது. சக்கர அதிர்வால் கோடு முள்முள்ளாகத்தான் இருக்கும், ஓடிய நேரம் முழுவதற்கும் சராசரி எடுங்கள்.

இனி எண்கள். 50, 100, 150 கிராம் தொங்கவிட்டால் விசை 0.49, 0.98, 1.47 நியூட்டன். ஒரு கிலோவுக்கு முடுக்கமும் அவ்வளவே வர வேண்டும். வந்தது 0.41, 0.91, 1.40. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே 0.07, 0.08 குறைகிறது. வரைபடத்தில் புள்ளிகள் நேர்கோட்டில் அழகாக நிற்கின்றன, ஆனால் கோடு ஆதிப்புள்ளி (இரு அச்சுகளும் சந்திக்கும் பூஜ்யம்) வழியாகப் போகவில்லை. கோடு விசை அச்சை வெட்டுகிற இடம்தான் உராய்வு. மொத்த விசையில் உராய்வைக் கழித்த மிச்சம், அந்த நிகர விசை, அதுதான் முடுக்கம் தருகிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பதைப் பிள்ளைகள் அளவுகோல் வைத்துக் கோட்டை நீட்டிக் கண்டுபிடித்தார்கள்.

உராய்வை ஈடுகட்டவும் செட்டில் வழி இருக்கிறது. கப்பி இல்லாத முனையில் ஒரு செ.மீ. உயரத்துக்கு அட்டைகளை அடுக்கினோம். நூல் கட்டாமல் லேசாகத் தள்ளினால் டிராலி கூடாமலும் குறையாமலும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், அதுதான் அடையாளம். அதன் பிறகு எடுத்தால் கோடு ஆதிப்புள்ளியை ஒட்டியே போகிறது. இந்தச் சரிவின் நல்ல குணம், டிராலியில் எடை ஏற்றினாலும் கெடுவதில்லை. எடை கூடினால் உராய்வும் கூடும், சரிவில் இறக்கும் விசையும் அதே அளவு கூடும்.

அதனால் நிறையை மாற்றும் சோதனையைச் சரிவு வைத்த பிறகே செய்யுங்கள். கொக்கி மட்டும் தொங்க, முடுக்கம் 0.49. பிறகு மளிகைக்கடை ஒரு கிலோ எடைக்கல் ஒன்றை டிராலி மேல் வைத்தோம். அரசு முத்திரை போட்ட கல் என்பதால் அதன் எடையில் சந்தேகமில்லை. ஓட்டியதும், “பாதியாயிருச்சு மிஸ்!” என்று கடைசி பெஞ்சிலிருந்து சத்தம். திரையில் 0.24. இழுக்கும் எடை அதேதான், நகரும் நிறை இரு மடங்கு. அன்று யாரும் ‘எதிர்த்தகவு’ என்ற சொல்லை ஒப்பிக்கவில்லை, எல்லோருக்கும் புரிந்திருந்தது.

பதினொன்றாம் வகுப்புக்கு இன்னும் ஒரு படி போகலாம். நூலின் இழுவிசையும் தொங்கும் எடையும் சமம் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவார்கள். 100 கிராம் தொங்கி 0.98 முடுக்கத்தில் இறங்கும்போது இழுவிசை 0.1 × (9.8 − 0.98), அதாவது 0.88 நியூட்டன்தான். டிராலிப் பக்கம் 0.9 × 0.98 போட்டாலும் அதே 0.88. இரண்டு பக்கமிருந்தும் ஒரே எண் வருவதைக் காட்டினால் ஒவ்வொரு பொருளையும் தனியாகப் பிரித்து அதன் மேல் செயல்படும் விசைகளை வரைவது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே டிராலியை மேசையில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். தண்டவாளத்தைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும், படுக்கவைத்தே வைக்க வேண்டும். ஓடி வரும் டிராலியைப் பிடிக்கக் கப்பிக்கு முன்னால் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை ஒட்டுங்கள், செட்டில் அது இல்லை, மேலே இருப்பது உங்கள் போன். நாற்பது பேர் வகுப்புக்கு ஒரு செட் போதாது, குழுக்களாகப் பிரித்தால் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். தலைமையாசிரியரிடம் இன்னொரு செட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு டிராலி கிடைத்தால் நடுவில் ஒரு சுருள்வில்லை வைத்து மூன்றாம் விதியையும் இதே தண்டவாளத்தில் செய்துவிடலாம்.