பிச்சாவரம் போனால் துடுப்புப் படகையே கேளுங்கள்

சிதம்பரம் பக்கத்தில், கடலோரச் சேற்றில் வளர்ந்து நிற்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு இது எங்களுக்கு இரண்டாவது பயணம். முதல் தடவை மோட்டார் படகு. அகலமான கால்வாயில் ஒரு சுற்று, நல்ல காற்று, நாலு போட்டோ, அவ்வளவுதான். இந்தத் தடவை துடுப்புப் படகு எடுத்தோம். மோட்டார் படகு நுழைய முடியாத குறுகலான ஓடைகளுக்குள் இது போகிறது; தலைக்கு மேலே சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் கிளைகள் பந்தல் போட்டிருக்கின்றன.

நாங்கள் போன நேரம் தண்ணீர் வற்றியிருந்தது. ஓரிடத்தில் படகுக்காரர் துடுப்பைச் சேற்றில் ஊன்றித் தள்ளினார். வெளியே எடுத்தபோது கன்னங்கரேலென்று சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. அழுகிய முட்டை நாற்றம்! மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “என்னண்ணே இப்படி நாறுது?” என்றேன். “எலை விழுந்து விழுந்து உள்ளேயே கெடக்குதும்மா” என்றார்.

அந்த நாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. நீர் ஊறிய சேற்றுக்குள் பிராணவாயு இறங்குவதில்லை. உதிர்ந்த இலையும் செத்த வேரும் சீக்கிரம் மக்குவதில்லை; பிராணவாயு இல்லாமல் மெல்ல அழுகுவதால்தான் அந்த நாற்றம். அவற்றிலுள்ள கார்பன், கரியமில வாயுவாகக் காற்றுக்குத் திரும்பாமல் நூற்றாண்டுக் கணக்கில் புதைந்து கிடக்கிறது. அலையாத்திக் காடுகளின் கார்பனில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, இந்தச் சேற்றில்தான். அதைக் கிளறாமல் விட்டாலே பெரிய உபகாரம்.

இந்தக் காடு ஒருமுறை சீரழிந்து மீண்டது. 1970கள் வரை ஒவ்வொரு பகுதியாக எடுத்து, அங்கிருந்த மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட தரை காய்ந்து அமுங்கிப் பள்ளமானது. கடல்நீர் தேங்கி உப்பு ஏறியதில் கன்றே முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் மாதிரி கிளைக் கால்வாய்கள் வெட்டி, நீர் ஏறி இறங்க வழிசெய்து கன்று நட்டார்கள். 2004 சுனாமியில் பக்கத்துக் கிராமங்களுக்கு இந்தக் காடு அரணாக நின்றது. 2022இல் ராம்சார் தலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் அறிவித்தார்கள்.

திரும்பும்போது முருங்கைக்காய்த் துண்டு மாதிரி ஒன்று மிதந்து வந்தது. சுரபுன்னை நாற்று. மரத்திலேயே முளைவிட்டு விழுமாம். மகள் எடுத்துக் கொடுக்க, படகுக்காரர் கரைச்சேற்றில் குத்திவைத்தார்.

முன்னே போன படகிலிருந்து சிப்ஸ் கவர் ஒன்று வேர்களுக்குள் விழுந்ததைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. தயவுசெய்து குப்பையைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம், தொப்பி எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். வேர்களைப் பார்க்க வற்றும் நேரம்தான் நல்லது.